கணக்கு வராத பிள்ளை

“இவனுக்குக் கணக்கு வராது, பிறவியே அப்படி” என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையில் தள்ளிவிடுகின்ற வழக்கம் நமது பள்ளிக்கூடங்களில் இன்னமும் ஒழிந்தபாடில்லை. பெற்றோர்களும் தலையெழுத்தென்றும், சரஸ்வதி கடாட்சமில்லையென்றும் சொல்லிக் கைவிட்டுவிடுகின்றார்கள். பெண்ணாயிருந்துவிட்டாலோ, “இவளுக்குக் கணக்கு எதற்கு?” என்பதோடு காரியம் முடிந்துவிடுகின்றது.

52-இல் 38 போனால் மீதி என்னவென்றால் ஒரு பையன் 26 என்று எழுதுகின்றான். உபாத்தியாயர் தவறென்று கோடு கிழித்துவிட்டு மேலே போய்விடுகின்றார். 26 எப்படி வந்தது? 8-இல் 2 போக 6, 5-இல் 3 போக 2 என்று பெரியதில் சிறியதைக் கழித்திருக்கின்றான். அவனுக்குக் கழிக்கத் தெரியும். ஒரு பத்தைப் பிரிக்கத்தான் தெரியாது. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கொடுத்து ஒரு கட்டை அவிழ்க்கச் செய்தால் விளங்கிக்கொள்வான். பக்கத்துப் பையன் 24 என்று எழுதினால் அவன் சங்கதி வேறு. கட்டை அவிழ்த்தவன், கட்டுகளில் ஒன்று குறைந்ததை மறந்துவிட்டான். இருவருக்கும் ஒரே மருந்தா?

பிரேசில் தேசத்து ரெசிஃபே நகரில் தெரு வியாபாரம் செய்த 5 பிள்ளைகளைச் சோதித்து 1985-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. விற்கும் இடத்தில் விலை கேட்டபோது 100-க்கு 98 சரியாகச் சொன்னவர்கள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 100-க்கு 37-தான் சரியாகச் செய்தார்கள். மூளையா குறைந்தது? கேட்ட விதமல்லவா மாறிற்று!

எண்ணை அறிவதிலேயே தடையுள்ள பிள்ளைகளும் சிலர் உண்டு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனையும் ஒரு குறைபாடாக ஒப்புக்கொண்டிருக்கின்றது. அவர்களுக்குத் தனி உதவி வேண்டுமேயொழிய வசைமொழி வேண்டியதில்லை.

“40 பிள்ளைகளுக்கு 40 விதமாகவா சொல்லிக்கொடுப்பது?” என்று கேட்கலாம். தவறுகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். நமது சர்க்கார் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலையறிந்து பிரித்துச் சொல்லிக்கொடுக்க வழி செய்யப்பட்டது. அதை வரவேற்கின்றோம். ஆனால் ஒருமுறை அரும்பென்று எழுதப்பட்ட பிள்ளை வருஷமெல்லாம் அரும்பாகவே கிடக்குமானால் அது புது ஜாதியல்லாமல் வேறென்ன?

ஆதலால் தோழர்களே! பள்ளிக்கூடத்துக்குப் போனால் எத்தனை மார்க்கு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். என் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகின்றான், அதற்கு என்ன செய்தீர்கள், போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு தேறியிருக்கின்றான் என்று மரியாதையாகவும் விடாமலும் கேளுங்கள்.