எட்டேமுக்கால் கப்பம்!

வேலைநிறுத்தம் என்றால் நமக்குத் தெரியும். ஆலைச் சங்கு ஊதும், ஆள் உள்ளே போகமாட்டான். வாயிலில் கொடி நிற்கும், எதிரே போலீஸ் லாரி நிற்கும். ஆனால் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 18 முதல் 25 வரை அமெரிக்க நாட்டிலே நடந்த வேலைநிறுத்தம் ஒன்றில் சங்கும் இல்லை, வாயிலும் இல்லை, கொடியும் இல்லை. அதில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் கூலிக்காரர்களும் அல்ல. ஈபே என்னும் இணைய ஏலச் சந்தையிலே பழைய பொம்மையும் தபால்தலையும் கைத்தறித் துணியும் விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரிகள். ஒரு வாரம் கடை விரிக்கமாட்டோம் என்று சொன்னார்கள்; ஆயிரக்கணக்கில் சரக்கை விலக்கிக்கொண்டார்கள்.

ஏன்? நூற்றுக்கு ஐந்தேகாலாக இருந்த கமிஷனை எட்டேமுக்காலாக உயர்த்தினார்கள், அதனால்!

"வியாபாரி கமிஷனுக்காக அழுகிறான், அதற்கு நாம் ஏன் கண்ணீர் விடவேண்டும்? நம்மிடம் விலையை ஏற்றி விற்பவன்தானே அவன்?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆகவே முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். 2005-இல் ஈபே நிறுவனமே ஒரு கணக்கு வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்து 24 ஆயிரம் பேருக்கு இந்தச் சந்தைதான் முதல் வருமானம் அல்லது துணை வருமானம் என்று அதிலே பெருமையோடு சொன்னது. ஏழு லட்சம் பேரும் மாளிகைவாசிகளா? அல்ல. வேலை போனவர்கள் உண்டு. குழந்தையை விட்டு வெளியே போகமுடியாத தாய்மார்கள் உண்டு. ஓய்வூதியம் போதாத கிழவர்கள் உண்டு. சமையலறை மேசையே இவர்களுடைய கிடங்கு. பொருளைத் தேடுவது, துடைப்பது, படம் எடுப்பது, விளம்பரம் எழுதுவது, பெட்டியில் கட்டுவது, தபால் நிலையத்தில் நிற்பது, எல்லாம் ஒரே ஆள். மேஸ்திரியும் அவரே, கூலியும் அவரே! பெயருக்கு வியாபாரி, செய்வதெல்லாம் உழைப்பு. நேரக் கணக்குப் பார்த்தால் பலருக்கு நாட்கூலி கூடத் தேறாது.

சந்தை பிறந்த கதையையும் கேளுங்கள். பியர் ஒமிட்யார் என்ற இளைஞர் 1995 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலத்தில் தமது சொந்தக் கணினிப் பக்கத்தில் ஏலத்தைத் தொடங்கினார். முதலில் விலைபோன பொருள் உடைந்துபோன லேசர் விளக்கு. 14 டாலர் 83 சென்ட். தொடக்கத்தில் யாரிடமும் காசு கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்ததும் இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் மாதம் 30 டாலராக இருந்த வாடகையை 250 டாலர் ஆக்கினார்கள் என்றும், அதைச் சமாளிக்கத்தான் 1996-இல் கட்டணம் விதித்தார் என்றும் சொல்வார்கள். அன்றைய கட்டணத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூரை போட்டவன், கூரைச் செலவைக் கேட்டான்; வியாபாரிகளும் மனமொப்பித் தபாலில் காசோலை அனுப்பினார்கள்.

1998 செப்டம்பரில் ஈபேயின் பங்குகள் பொது விற்பனைக்கு வந்தன. அன்றுமுதல் நிலை வேறு. கூரைச் செலவுக்காக மட்டுமல்ல, பங்குக்காரர்களுக்குக் காலாண்டுதோறும் கூடுதல் இலாபம் காட்டுவதற்காகவும் கட்டணம்! ஊர் ஊராகப் புதுச் சந்தை பிடித்துக்கொண்டிருந்த வரையில் பழைய வியாபாரியின் கழுத்தை அதிகம் இறுக்கவேண்டிய அவசியம் இல்லை. வளர்ச்சி தளர்ந்தவுடன் கை எங்கே போகும்? ஏற்கெனவே உள்ளே இருப்பவன் மடியைத்தான் தடவும்.

2005 பிப்ரவரியில் அதன் ஒத்திகை நடந்தது. சந்தைக்குள்ளே தனிக் கடை வைத்திருப்பவர்கள் மாதம் 9 டாலர் 95 சென்ட் கொடுத்து வந்தார்கள்; அது 15 டாலர் 95 சென்ட் ஆயிற்று. அந்தக் கடைகளில் 25 டாலர் வரை விற்கும் பொருளுக்குக் கமிஷன் ஐந்தேகாலிலிருந்து எட்டு. கொதித்தார்கள் வியாபாரிகள். நிறுவனத்தின் வட அமெரிக்கத் தலைவர் சமாதானக் கடிதம் எழுதினார். ஏலப் பட்டியலின் குறைந்தபட்சக் கட்டணம் 30 சென்டிலிருந்து 25 சென்டாகக் குறைந்தது. ஐந்து சென்ட் கை நீட்டிக் கொடுத்தார்கள். ஆறு டாலர் உயர்வு உயர்வாகவே நின்றது.

பிறகு வந்தது 2008. ஜனவரி இறுதியில், புதிய தலைவராக வரவிருந்த ஜான் டொனஹோ திட்டத்தை வெளியிட்டார். பட்டியலிடும் கட்டணத்தைக் குறைக்கிறோம் என்பது முழக்கம். பத்திரிகைகளில் சில, ஈபே கட்டணத்தைக் குறைத்துவிட்டது என்றே தலைப்புப் போட்டன. வியாபாரிகள் தலைப்போடு நிற்கவில்லை, கணக்குப் போட்டார்கள். நாமும் போட்டுப் பார்ப்போம்.

இந்தச் சந்தையில் அன்று இரண்டு வாசல்களில் சுங்கம். பொருளை ஏலத்துக்கு வைக்கும்போது ஒன்று. அது விற்றால்தான் மற்றொன்று. முதல் வாசலில் சில சென்டுகளைக் குறைத்தார்கள். இரண்டாம் வாசலில், விலையின் முதல் 25 டாலருக்கு 5.25 விழுக்காட்டை 8.75 ஆக்கினார்கள். 20 டாலர் பொருள் விற்றால் முன்பு 1 டாலர் 5 சென்ட். இனி 1 டாலர் 75 சென்ட். மூன்றில் இரண்டு பங்கு உயர்வு!

இதில் இலாபம் யாருக்கு? ஆயிரம் பொருள் வைத்து நூறு மட்டும் விற்பவனுக்கு, ஏனெனில் விற்காத தொள்ளாயிரத்துக்கும் நுழைவுக் கட்டணம் குறைகிறது. பத்துப் பொருளைப் பார்த்துப் பார்த்துத் தேடி, பத்தையும் விற்பவனுக்கு நட்டம். அதாவது கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருப்பவன் கைதூக்கப்பட்டான். பொறுக்கி எடுத்து விற்கத் தெரிந்த கைத்திறமைக்காரன் தண்டம் கட்டினான். இன்னொன்றும் உண்டு. 25 டாலருக்கு மேல் ஆயிரம் டாலர் வரையுள்ள பகுதிக்குக் கமிஷன் 3.5 விழுக்காடுதான். விலை உயர உயர விகிதம் தாழ்கிறது! வைரக் கடிகாரத்துக்கு ஒரு நீதி, பழைய பீங்கான் கோப்பைக்கு ஒரு நீதி.

நல்ல வியாபாரிக்குத் தள்ளுபடி தருகிறோமே என்றார்கள். உண்மைதான். வாங்குவோரிடம் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற பெரிய விற்பனையாளருக்குக் கமிஷனில் 15 விழுக்காடு தள்ளுபடி. எட்டேமுக்காலில் 15 விழுக்காடு கழித்தால் ஏறத்தாழ 7.44. முன்பு கொடுத்தது 5.25. முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கும் உயர்வுதான் பரிசு.

கட்டணத்தோடு இன்னொரு ஆணையும் வந்தது. அந்த ஆண்டு மே மாதம்முதல், வாங்கியவர் விற்றவரைக் குறை சொல்லி எழுதலாம். விற்றவர் வாங்கியவரைக் குறை சொல்லி எழுதக்கூடாது. காசு கொடுக்காமல் ஏய்த்தவன்மீதும் ஒரு கெட்ட வார்த்தை பதிவுசெய்ய வழியில்லை. பழிக்குப் பழி எழுதும் பழக்கம் முற்றி, வாங்குவோர் உண்மை எழுதவே அஞ்சினார்கள் என்று நிறுவனம் காரணம் சொன்னது. அந்தக் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நோய்க்கு மருந்து என்று ஒரு தரப்பின் வாயைத் தைப்பதா? வியாபாரிகளில் பலருக்கு எட்டேமுக்காலைவிட இதுதான் நெஞ்சில் குத்தியது.

வேலைநிறுத்தம் என்ன ஆயிற்று? எத்தனை சரக்குக் குறைந்தது என்பதில் இரு தரப்புக்கும் இரு கணக்கு. பிப்ரவரி 20-ஆம் நாள் புதிய கட்டணம் அறிவித்தபடியே நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பை டாட் காம் என்ற பெரும் வணிக நிறுவனம் லட்சக்கணக்கான பொருள்களை ஈபேயில் குவித்தது. பட்டியல் கட்டணம் இல்லாத தனி ஒப்பந்தம் அதற்கு என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. சிறியவன் சரக்கை விலக்கினால் என்ன, பெரியவன் லாரியோடு வந்துவிட்டான்!

ஏன் தோற்றார்கள்? பிடிக்கவில்லை என்றால் வேறு சந்தைக்குப் போகலாமே என்பார்கள் பொருளாதாரப் புத்தகம் படித்தவர்கள். எங்கே போவது? யாஹூ நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஏலச் சந்தை 2007 ஜூனில் மூடப்பட்டது. வாங்குபவன் விற்பவன் இருக்கும் இடத்துக்கு வருகிறான். விற்பவன் வாங்குபவன் இருக்கும் இடத்தை விடமுடிவதில்லை. அதைவிடப் பெரிய விலங்கு ஒன்று உண்டு. பத்து ஆண்டு நாணயமாக நடந்து சேர்த்த ஆயிரம் நற்சான்றுகள் சந்தைக்காரனின் ஏட்டில்தான் இருக்கின்றன. இடம் மாறினால் அவன் மறுபடியும் முகம் தெரியாத புதியவன். தன் உழைப்பால் விளைந்த நற்பெயரையே தன்னைக் கட்டும் கயிறாக்கிக்கொண்டான், பாவம்!

போட்டி இருந்த இடத்தில் ஈபே இப்படி நிமிர்ந்து நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜப்பானில் யாஹூவிடம் தோற்று 2002-இல் வெளியேறிற்று. சீனத்தில் 2003-இல் பிறந்த தாவோபாவ், விற்பவரிடம் கட்டணமே வாங்காமல் கூட்டத்தைத் தன்பக்கம் இழுத்தது; 2006 இறுதியில் ஈபே தன் சீனச் சந்தையை உள்ளூர் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. உடனே தாவோபாவை வள்ளல் என்று எண்ணிவிடாதீர்கள். எதிரி போனபின் என்ன நடந்தது?

2011 அக்டோபரில் தாவோபாவின் பெருங்கடைப் பகுதியில் ஆண்டுக் கட்டணம் 6 ஆயிரம் யுவானிலிருந்து 30 ஆயிரமாகவும் 60 ஆயிரமாகவும் உயரும் என்று அறிவித்தார்கள். 10 ஆயிரமாக இருந்த வைப்புத்தொகை, கடையின் வகைக்கு ஏற்ப ஒன்றரை லட்சம் வரை. போலிச் சரக்கை ஒழிக்கத்தான் என்றார்கள். விற்பனை இலக்கை எட்டியவர்களுக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றும் சொன்னார்கள், எட்டக்கூடியவன் பெரியவன். ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் கிளர்ந்தார்கள். எப்படி? பெரிய கடைகளில் கூட்டம் கூட்டமாகச் சரக்கு வாங்கி, உடனே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்! கடைகள் திணறின. ஹாங்ஜோ நகரில் தலைமையகத்துக்கு முன்னாலும் கூட்டம் திரண்டது. சீன அரசின் வணிக அமைச்சகம் தலையிட்டது. ஒரே வாரத்தில், அக்டோபர் 17 அன்று, பழைய வியாபாரிகளுக்கு உயர்வை ஒத்திவைத்து, வைப்புத்தொகையில் பாதியைத் தானே ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது. அந்த முறையை நான் மெச்சவில்லை. பெரிய கடையில் வேலை பார்த்த சிப்பந்திகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் சரக்கை விலக்கிய அமெரிக்க வியாபாரிக்குக் கிடைக்காதது, அரசு தலையிட்ட இடத்தில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவும் அதைத்தான் காட்டுகிறது. ஈபே 2002-இல் பேபால் என்ற பணப்பட்டுவாடா நிறுவனத்தை 150 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. பொருள் விற்றால் ஒரு கமிஷன், காசு கைமாறினால் இன்னொரு கமிஷன், இரண்டும் ஒரே பைக்கு! 2008 ஏப்ரலில், ஆஸ்திரேலியச் சந்தையில் நேரில் கொடுக்கும் பணம் தவிர மற்றதெல்லாம் பேபால் வழியாகவே வரவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார்கள். அந்நாட்டின் போட்டி ஆணையம் ஜூன் மாதம் இதை ஏற்கப்போவதில்லை என்று வரைவு முடிவு வெளியிட்டது. ஜூலையில் ஈபே திட்டத்தையே கைவிட்டது. சட்டம் கையிலிருந்தது, அதை எடுத்து வீச ஓர் அலுவலகமும் இருந்தது.

அமெரிக்காவில் அப்படி யாரும் வரவில்லை. 2011-இல் தபால் செலவுக்கும் சேர்த்துக் கமிஷன் பிடித்தார்கள். இப்போதோ வாங்குபவர் அரசுக்குக் கட்டும் விற்பனை வரியையும் கூட்டி, மொத்தத் தொகைக்குக் கமிஷன். 2025 பிப்ரவரியில் பெரும்பாலான வகைகளுக்கு விகிதம் 13.6 விழுக்காடு ஆயிற்று. பத்து டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக 40 சென்ட். பணப்பட்டுவாடாச் செலவு இதிலேயே அடக்கம், மாதம் 250 பொருள்வரை பட்டியல் கட்டணம் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

சொல்லிவிட்டு, கணக்கைப் பாருங்கள். பொருள் 20 டாலர், தபால் 5, வரி 2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 27. சந்தைக்காரனுக்கு 4 டாலர் 7 சென்ட். தபால் காசு தபால்காரனுக்கு, வரி அரசுக்கு. பொருளை 12 டாலருக்கு வாங்கியிருந்தால் விற்றவன் கையில் மிஞ்சுவது 3 டாலர் 93 சென்ட். பெட்டிக்கும் ஒட்டுநாடாவுக்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். தேடியவன், கட்டியவன், தபாலுக்கு நடந்தவன் பங்கைவிடப் பட்டியலைக் காட்டியவன் பங்கு அதிகம்! பொருள் முன்வரிசையில் தெரியவேண்டுமானால் விளம்பரத்துக்குத் தனி விழுக்காடு. அதைக் கட்டாதவன் சரக்கு பின்வரிசைக்குப் போகிறது. கட்டுகிறவர்கள் எல்லோரும் கட்டினால் முன்வரிசை ஏது?

கைவினைப் பொருள் விற்கும் எட்ஸி சந்தையிலும் இதே கதைதான். 2022 ஏப்ரலில் கமிஷனை 5-இலிருந்து 6.5 ஆக்கினார்கள். அம்மாதம் 11-ஆம் நாள் தொடங்கி ஒரு வாரம் கடையடைப்பு நடந்தது. உயர்வு நிற்கவில்லை. ஆனால் கலைந்துபோகாமல் சிறு விற்பனையாளர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 2008-இல் இல்லாத ஒன்று அது.

கடைசியாக இங்கிலாந்து. பழைய துணியை விற்பவரிடம் கமிஷன் வாங்காத வின்டெட் என்ற சந்தை அங்கே பெருகியதும், 2024 அக்டோபரில் ஈபே தனிமனித விற்பனையாளருக்குக் கட்டணத்தை அறவே நீக்கியது. ஜெர்மனியில் 2023-லேயே நீக்கியிருந்தது. மகிழ்ச்சி! ஆனால் 2025 பிப்ரவரியில் இங்கிலாந்தில் வாங்குவோர் பாதுகாப்புக் கட்டணம் என்று புதிய பெயரில், வாங்குபவரிடம் அதை வாங்கத் தொடங்கியது. பொருளின் விலையோடு சேர்த்தே அது கண்ணுக்குத் தெரிகிறது. இருபது பவுனுக்குமேல் கொடுக்கமாட்டேன் என்கிறவனிடம் விற்கவேண்டுமானால், விற்பவன்தான் தன் விலையைக் குறைக்கவேண்டும். பரணில் கிடந்த பழைய சட்டையை விற்பவருக்கு அந்தக் குறைவு பெரிதல்ல. சமையலறை மேசையில் பெட்டி கட்டி அதிலேயே பிழைப்பவரை அங்கே தனிமனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை, வணிகர் கணக்கில் சேர்க்கிறார்கள். அவருக்குப் பழைய கமிஷன் அப்படியே இருக்கிறது.