தட்டைப் பறிக்க வேண்டாம், அளவைக் கேளுங்கள்



"இந்த வயசில சீனி வருத்தமா? டொபி கூடத் திண்டிருப்பான்." வகை 1 நீரிழிவுள்ள பிள்ளையின் உம்மா இந்தப் பேச்சைக் கேட்காத நாள் குறைவு. ஆசிரியர்களாகிய நாங்கள் இதைப் பாடசாலையிலும் கேட்கிறோம், கல்யாண வீட்டிலும் கேட்கிறோம். ஆகவே சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும்.

இந்த நோய் இனிப்புத் தின்று வருவதில்லை. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. பிறகு இன்சுலினை ஊசியால் கொடுத்தே ஆக வேண்டும். 1922இல் கனடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்த நோய் வந்த பிள்ளைகள் அதிக காலம் உயிர் வாழவில்லை. "ஊசியை நிப்பாட்டுங்க, பாவக்காய்ச் சாறு குடுங்க" என்று அன்பாகச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

அடுத்தது சாப்பாடு. சீனியைத் தவிர்த்தால் போதும் என்று நினைக்கிறோம். சோறு, பாண், இடியப்பம், கிழங்கு எல்லாம் வயிற்றுக்குள் போனால் குளுக்கோசுதான். ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 15 கிராம் மாச்சத்து, ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம். இந்தக் கணக்குக்கு ஏற்பத்தான் ஊசியின் அளவு. மீன், முட்டை, கீரையில் மாச்சத்து மிகக் குறைவு. எனவே அந்த வீட்டுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. எல்லோருக்கும் ஆக்கிய சோற்றை ஒரே கப்பால் அளந்து போட்டால் போதும்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் ஊசி போடும் பிள்ளைக்கு, வலீமாவில் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தினால் சீனி இறங்கிவிடும். ஆறு பேர் கூடிய சஹனில் தான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று அந்தப் பிள்ளையால் கணக்கிடவும் முடியாது. தனித் தட்டில் நேரத்துக்குக் கொடுங்கள். அது சஹனை அவமதிப்பதாகாது. "பாவம், ஒரு நாளைக்குத்தானே" என்று வட்டிலப்பத்தை வாயில் ஊட்டவும் வேண்டாம், எல்லோர் முன்னாலும் தட்டைப் பறிக்கவும் வேண்டாம். வெட்கப்பட்ட பிள்ளை நோயை மறைக்கும், ஒளித்துச் சாப்பிடும், ஊசியைத் தவறவிடும். எங்களுக்குப் பயம் அதுதான்.

வகுப்பறையில் கை நடுங்கி, வியர்த்து, பிள்ளை சோர்ந்தால் இடைவேளை மணிக்குக் காத்திருக்கக் கூடாது. சீனி 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். சொக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே வேலை செய்யும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

"ஒருவனை வகுப்பில் சாப்பிட விட்டால் மற்றவர்களும் கேட்பார்களே" என்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். பெரியவர்களை விட விரைவாகவே விளங்கும்.

அடுத்த முறை அப்படியொரு குடும்பத்தை விருந்துக்கு அழைக்கும்போது ஒரு வசனத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "சாப்பாடு சரியா ஒரு மணிக்கு, பிள்ளைக்கு முதல்ல வெச்சிருவோம்." அந்த உம்மாவுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.