டிரேஃபுசின் சட்டத்தரணியும் நமது புகலிட வழக்குகளும்

2025 ஜூன் 2ஆம் திகதி, பிரெஞ்சுத் தேசிய சட்டமன்றம் ஒரு சட்டமூலத்துக்கு ஒருமனதாக வாக்களித்தது. உளவாளி என 1894இல் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட யூத இராணுவ அதிகாரி அல்பிரட் டிரேஃபுசுக்கு, அவர் இறந்து தொண்ணூறு ஆண்டுகளின் பின் ஜெனரல் தரம் வழங்குவதே அதன் நோக்கம். இவ்வேளையில் அவருக்காக வாதாடிய ஃபெர்னான் லபோரியையும் நாம் அறிந்துகொள்வது நல்லது.

டிரேஃபுசுக்காக எழுதிய எமில் ஸோலா 1898இல் கூண்டில் நின்றபோது, அவருக்காக வாதாடியவர் லபோரி. அவரது கேள்விகளை நீதிபதி மீண்டும் மீண்டும் தடுத்தார். ஸோலாவுக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ரென் நகரில் டிரேஃபுசின் மறுவிசாரணை நடந்தது. ஓகஸ்ட் 14 காலை நீதிமன்றம் சென்றுகொண்டிருந்த லபோரியை ஒருவன் முதுகில் சுட்டான். சுட்டவன் பிடிபடவே இல்லை. காயத்தோடு லபோரி மீண்டும் வாதாட வந்தார். ஆனால் டிரேஃபுஸ் குற்றவாளி என்றே மறுபடியும் தீர்ப்பானது. அவர் நிரபராதி என்பதை நீதி ஏற்றது 1906இல்தான்.

பெரிய வழக்குகளில் தோற்ற, வெறுப்பைச் சம்பாதித்த இந்த மனிதரைத்தான் பரிஸ் சட்டத்தரணிகள் 1911இல் தங்கள் சங்கத் தலைவராக, அதாவது 'பத்தோனியே' ஆகத் தேர்ந்தெடுத்தனர். யாரும் விரும்பாத ஒருவருக்காக நிற்பது தொழிலுக்கு இழுக்கல்ல என்பதை அத்தெரிவு காட்டியது.

பத்தோனியே வெறும் கௌரவப் பதவி அல்ல. சட்டத்தரணியின் அலுவலகத்தைச் சோதனையிட வேண்டுமானால் நீதிபதியே வர வேண்டும். பத்தோனியேயோ அவரது பிரதிநிதியோ அங்கே இருக்க வேண்டும். நாம் ஒப்படைக்கும் கடிதங்களுக்கும், சொல்லும் உண்மைகளுக்கும் உள்ள காவல் அதுதான்.

இக்காவல் நமக்கு இன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2024 ஜனவரி 26ஆம் திகதிச் சட்டத்தின்படி, புகலிட மேன்முறையீடுகளைத் தனி நீதிபதி ஒருவர் விசாரிப்பதே இப்போது பொதுவிதி. மூவர் அமர்வு விதிவிலக்காகிவிட்டது. ஒருவர் மட்டுமே கேட்கும் இடத்தில், நம் கதையை ஒழுங்காக எடுத்துரைக்கும் சட்டத்தரணியின் பங்கு பெரிதாகிறது.

ஆகவே காலக்கெடுவை நம் குடும்பங்கள் மறக்கக்கூடாது. புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான். கடிதம் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். தெரிந்தவர் எழுதித் தந்த கதையை நம்பிப் போகாமல், நடந்ததை நடந்தபடி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அவர் அதை வெளியே சொல்ல முடியாது. இந்நாட்டுச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது.

லபோரி தோற்ற வழக்கில் உண்மை வெல்ல ஏழு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை கோப்பு மூடப்படாமல் இருந்ததற்கு, விடாமல் வாதாடியவர்களே காரணம். நிராகரிப்புக் கடிதத்தோடு வீட்டில் முடங்கியிருப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியதும் அதுவே: முதல் தீர்ப்பு கடைசித் தீர்ப்பல்ல.