எந்த நிலத்தில் எந்த மரம்?

பள்ளி வளாகங்களிலும் சாலையோரங்களிலும் மரக்கன்று நடும் விழாக்களை ஆண்டுதோறும் காண்கிறோம். எத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்பது மறுநாள் நாளிதழில் வெளியாகிறது. நட்டது எந்தக் கன்று, எந்த மண்ணில், அதற்கு முன் அவ்விடத்தில் என்ன வளர்ந்திருந்தது என்னும் வினாக்களுக்கு அச்செய்தியில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. மரம் என்றால் எல்லாம் மரந்தான், எங்கு நட்டாலும் நன்மைதான் என்னும் இம்மனப்பான்மை தவறானது என்பது என் கருத்து. நீலகிரியின் உச்சியில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நிகழ்ந்து வருவதைக் கொண்டு அதனை விளக்க முயல்கிறேன்.

தாவரத்தைப் பெயரால் அறிவது ஒரு வகை. அதன் உடலமைப்பாலும் செயலாலும் அறிவது மற்றொரு வகை. பின்னது தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறார். அப்பகுப்பின்படி, ஓங்கி நிற்கும் பனையும் தென்னையும் புல்லினத்தில் அடங்கும். உயரத்தைக் கண்டு மயங்காமல் தண்டைப் பிளந்து பார்த்தவர்களின் அறிவு அது. பனையும் புல்லும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று இன்றைய தாவரவியலும் கூறுகிறது.

இன்றைய சூழலியலாளர் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றுள்ளனர். இலையின் தடிப்பு, கட்டையின் அடர்த்தி, வேரின் ஆழம், விதையின் எடை, தாவரத்தின் உயரம், பட்டையின் கனம் போன்றவற்றை அவர்கள் அளக்கின்றனர். ஒரு தாவரம் எவ்வாறு உணவு ஈட்டுகிறது, எவ்வாறு இடரைத் தாங்குகிறது, எவ்வாறு இனம் பெருக்குகிறது என்பதை இவை காட்டுவதால் இவற்றைச் செயற்பண்புகள் என்பர். முருங்கையை எண்ணிப் பாருங்கள். நட்ட ஓராண்டிலேயே தழைத்துவிடும். ஆனால் அதன் கட்டை மென்மையானது. முருங்கையில் ஏறாதே என்று சிறுவர்களைத் தடுக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. கருங்காலியோ மெல்ல வளரும்; அதன் வைரம் உலக்கையாகித் தலைமுறைகளைக் கடக்கும். விரைந்து ஈட்டி விரைந்து இழப்பது ஒரு வாழ்க்கை. மெல்ல ஈட்டி நெடுநாள் காப்பது மற்றொன்று. இரண்டையும் ஒருசேரப் பெற்ற தாவரம் அரிது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 46,085 தாவர இனங்களின் ஆறு பண்புகளைத் தொகுத்து நோக்கியது. அவற்றிடையே காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு இரண்டே அச்சுகளில் அடங்கிவிட்டது. ஒன்று, தாவரமும் அதன் உறுப்புகளும் எவ்வளவு பெரியவை என்பது. மற்றொன்று, இலையைக் கட்டியெழுப்ப எவ்வளவு செலவிடுகிறது என்பது.

நிலம் இப்பண்புகளைச் சலித்தெடுக்கிறது. வறட்சி, உறைபனி, தீ, மேய்ச்சல், சத்தற்ற மண் ஆகியவற்றைத் தாங்கும் பண்புடையவை மட்டும் ஓரிடத்தில் நிலைத்துத் தாவரக் குழுமமாகின்றன. அவ்வாறு நிலைத்தவை தம் பங்குக்கு அந்நிலத்தை மாற்றவும் செய்கின்றன. நீலகிரியில் இவ்விரண்டையும் தெளிவாகக் காணலாம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல், அம்மலையின் இயற்கைத் தோற்றம் தனித்தன்மை வாய்ந்தது. குன்றுகளின் மேலும் சரிவுகளிலும் புல்வெளி. மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்த சோலைக்காடு. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை, கத்தியால் அறுத்ததுபோல் இருக்கும். ஒரே மழை பெய்யும் மலையில் காடு ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை? மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் திறந்த நிலம் தன் வெப்பத்தை வானத்தில் இழந்துவிடுகிறது. விடியும்போது உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கும். சோலை மரத்தின் இளங்கன்று அங்கு முளைத்திருந்தால் அதன் நுனிக்குருத்து கருகிப்போகும். வளர்முனை தரைக்கு மேலே காற்றில் காப்பின்றி நிற்பதே காரணம். புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டி, காய்ந்த தாள்களுக்கு அடியில் ஒடுங்கியிருக்கிறது. பனி, தீ, கால்நடை ஆகிய எதுவாயினும் புல்லின் மேலிலையைத்தான் கொண்டுபோகும். உயிர் அடியில் இருக்கும். கொடிய பருவத்தைக் கடக்கும் குருத்து எங்கே இருக்கிறது என்பதை வைத்தே தாவரங்களைப் பகுக்கலாம் என்று டென்மார்க் நாட்டின் ரௌன்கியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூறினார். நீலகிரியின் புல்வெளியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு பண்பே பெரிதும் உதவுகிறது. சோலைக்குள்ளோ மரங்களின் கூரை இரவின் வெப்பத்தைப் போர்வைபோல் தடுத்து வைப்பதால் கன்றுகள் பிழைக்கின்றன.

புல்வெளியின் நடுவே சிவந்த பூக்களுடன் தனித்து நிற்கும் மரம் ஒன்றுண்டு. காட்டுப்பூவரசு என வழங்கும் ரோடோடென்ட்ரான் அது. அதன் தடித்த பட்டை தீயையும் குளிரையும் தாங்குகிறது. மற்ற மரங்களுக்கு மூடிய கதவு, அப்பட்டை ஒன்றினால் அதற்குத் திறந்திருக்கிறது.

இப்புல்வெளியை ஆங்கிலேய ஆட்சியாளர் பயனற்ற வெற்று நிலமாகக் கருதினர். காடு அழிந்ததால் உண்டான நிலம் என்றே பலரும் நெடுங்காலம் எண்ணினர். நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை இராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. வெப்பநாட்டுப் புற்கள் பலவற்றின் ஒளிச்சேர்க்கை முறை மரங்களின் முறையினின்று வேறுபட்டது. ஆதலால் அவை மண்ணில் விட்டுச்செல்லும் கரிமத்தின் தன்மையும் வேறு. அத்தடத்தைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் செழித்திருந்ததும், தட்பவெப்பம் மாறுந்தோறும் புல்லும் மரமும் ஏறியிறங்கி வந்ததும் தெரியவந்தன. வெற்று நிலம் என்று ஒதுக்கப்பட்டது, பழைமையான ஒரு தாவரக் குழுமம்.

அந்நிலத்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும், வாட்டில் எனப்படும் சீகை மரமும் நடப்பட்டன. நட்டவர்களை முற்றும் பழித்தல் முறையாகாது. உதகமண்டலம் வளர்ந்தபோது விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. விரைந்து வளரும் மரம் அப்போது தேவைப்பட்டது. பின்னாளில் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் நடுதல் பெருகியது. விடுதலைக்குப் பின்னரும் அது தொடர்ந்தது. விரைந்து வளர்வது என்னும் ஒரு பண்பை மட்டும் பார்த்து மரத்தைத் தேர்ந்தனர். அம்மரத்தின் பிற பண்புகளும் அதனுடனேயே மலையேறி வந்தன.

மலைப்புல் மழைக்காலத்தில் தழைத்து, பனிக்காலத்தில் காய்ந்து ஓய்வு கொள்ளும். அப்போது அது மண்ணிலிருந்து எடுக்கும் நீர் குறைவு. மண்ணில் எஞ்சும் நீர் சிறுகச் சிறுகக் கசிந்து கோடையிலும் ஓடைகளை நடத்துகிறது. கற்பூர மரமோ என்றும் பசியது. அதன் வேர் ஆழமானது. ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சி ஆவியாக்கும். கிளென்மார்கனில் 1970களில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அருகருகே உள்ள இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டனர். ஒன்றில் புல்லை அப்படியே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரத்தை வளர்த்தனர். மரம் வளர்ந்த பகுதியின் ஓடையில் நீர் குறைந்தது. கோடைக்கால ஓட்டம் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகளுக்குப்பின் மரங்களை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்டபோது இழப்பு இன்னும் கூடியது. வெட்டினாலும் துளிர்ப்பது அம்மரத்தின் மற்றொரு பண்பு. வேர் முன்பே ஊன்றியிருக்க, தழை மட்டும் புதிதாக எழுகிறது. இவ்வோடைகளின் நீர் பவானி வழியாகக் காவிரியைச் சேர்வது. ஆகவே இது மலைவாழ்வோருக்கு மட்டும் உரிய கவலை ஆகாது. சமவெளியில் நாற்று நடுபவர்க்கும் இதில் பங்குண்டு.

சீகையின் வழி வேறு. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் ஏழை மண்ணிலும் அது விரைந்து உயர்கிறது. அதன் நிழல் விழுந்த இடத்தில் வெயில் விரும்பும் புற்கள் மடிகின்றன. மண்ணில் சத்துக் கூடுவது நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். குறைந்த சத்தில் வாழப் பழகிய புற்களுக்கு அது நன்மையாவதில்லை. அவற்றுக்கிருந்த தனியிடத்தைப் பிற களைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. புல் குறைந்தால் தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் இல்லை. அவர்தம் கோவில்களுக்குக் கூரை வேயும் புல்லும் அரிதாகும். நம் மாநில விலங்கான வரையாடு திறந்த புல்வெளியில் மேய்ந்து, இடர் வந்தால் அருகிலுள்ள பாறைச் சரிவில் ஏறித் தப்புவது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வரையாட்டைக் காக்கத் தனித்திட்டம் அறிவித்தது வரவேற்கத்தக்கது. சீகையின் விதை மண்ணில் கிடக்கும்வரை, அத்திட்டத்தின் பாதி வேலை தாவரவியலைச் சேர்ந்தது என்பேன்.

மரங்கள் காற்றிலுள்ள கரிமத்தை உள்வாங்கிப் புவி வெப்பத்தைத் தணிக்கின்றன. அதற்காகவேனும் நடலாமே என்று சிலர் கூறுவர். மரமில்லாமற்போன காட்டுநிலத்தில் அவ்வாறு நடுவதை நானும் ஏற்கிறேன். ஆயின், புல்வெளியும் கரிமத்தைச் சேமிக்கிறது. அதன் சேமிப்பின் பெரும்பகுதி வேரிலும் மண்ணிலும் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீ பரவினால் மரத்தின் சேமிப்பு புகையாகும். மண்ணிலுள்ளது பெரும்பாலும் தங்கும். கண்ணுக்குத் தெரியும் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு, ஓடையின் நீரையும் புல்லின் வேரையும் கணக்கில் விடுவது நேர்மையான கணக்காகாது.

அயல்மரங்கள் அனைத்தையும் உடனே வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இதே அவசரத்தின் மறுபக்கம்தான். சீகை விதையின் தோல் கடினமானது. பல்லாண்டுகள் மண்ணில் உறங்கும். வெப்பம் பட்டால் விழிக்கும். மரத்தை வெட்டிக் கழிவை எரித்த இடத்தில் அடுத்த மழைக்குக் கன்றுகள் காடாய் முளைப்பதன் காரணம் இதுவே. மாறாக, சோலைக்கு அருகிலுள்ள பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றில், நிழலைப் பொறுக்கும் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்துள்ளன. திறந்த வெளியில் அவற்றைக் கொன்றிருக்கக்கூடிய உறைபனியை இப்போது சீகையின் கூரையே தடுக்கிறது. அத்தகைய தோப்பில் ஒரே நாளில் கோடரி வைத்தால் அக்கன்றுகளும் மடியும். அங்கே சீகையைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சோலையை வளரவிட வேண்டும். முன்பு புல்வெளியாக இருந்த சரிவிலோ சீகையை முழுவதும் நீக்கி, உள்ளூர்ப் புல்லை மீண்டும் ஊன்ற வேண்டும். பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் அச்சரிவுக்குத் திரும்பிச் சென்று, விரலளவு வளர்ந்த சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். அந்த வேலைக்கு விழா எடுப்பவர் இல்லை. அதற்கான ஆளும் கூலியும் முதல் ஆண்டிலேயே பத்தாண்டுகளுக்கும் சேர்த்துத் திட்டமிடப்பட வேண்டும்.