முடியாது என்று சொல்பவரே நல்ல ஆடிட்டர்



நாற்பது ஆண்டுகளாக மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். விற்பனை வரி, 2007 முதல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. என மூன்றையும் பார்த்தாயிற்று. கல்லாச் சாவியை மகனிடம் கொடுக்கவே யோசிக்கிற நாம், ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டை மட்டும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ரிட்டர்ன் போட்டவர், "அண்ணாச்சி, இந்த மாதம் வரியே கட்ட வேண்டாம், இன்புட்டில் சரி செய்துவிட்டேன்" என்றார். மகிழ்ந்தேனே தவிர, எப்படி என்று கேட்கவில்லை. பிறகு நோட்டீஸ் வந்தது. நான் வாங்காத சரக்குக்கு வரி வரவு எடுத்திருக்கிறார்! வரியும், 18 சதவீத வட்டியும், அபராதமும் நான் கட்டினேன். அவர் போனையே எடுக்கவில்லை.

சட்டத்தின் 48ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. ரிட்டர்னைப் பிராக்டிஷனர் தாக்கல் செய்தாலும், விவரங்கள் சரியாக இருப்பதற்குப் பொறுப்பு வியாபாரியே.

அவர்களுக்கும் கடமை உண்டு. உரிய கவனத்துடன் தயாரிக்க வேண்டும் என்பது விதி. முறைகேடு நிரூபணமானால் தகுதி பறிபோகும். சார்ட்டர்டு அக்கவுண்டன்டுகளுக்கோ 1949ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கட்சிக்காரரின் விவரத்தை அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது. மிச்சமாகும் வரியில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுவதும் பொதுவாகக் கூடாது. நாம் ரிட்டர்ன் போடுகிற எல்லோரையும் "ஆடிட்டர்" என்கிறோம். அவர் சார்ட்டர்டு அக்கவுண்டன்டா, பதிவு பெற்ற பிராக்டிஷனரா, இரண்டும் இல்லாதவரா என்று கேட்பதில்லை.

நம் குறையையும் சொல்ல வேண்டும். 20ஆம் தேதி கடைசி நாள் என்றால், 19ஆம் தேதி இரவு பில்களைப் பையில் கட்டிக் கொண்டுபோய்ப் போடுகிறோம். "எப்படியாவது குறையுங்கள்" என்கிறோம். நேர்மையானவர் "முடியாது" என்றால், அடுத்த தெருவுக்குப் போகிறோம். பொய்க் கணக்குக்காரரை வளர்ப்பது நாம்தான்.

ஆகவே சகோதரர்களே, கணக்கைப் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். பதிவில் உங்கள் செல் நம்பரே இருக்கட்டும். வரிப் பணத்தை ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காமல், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். "இது முடியாது" என்று சொல்கிற ஆடிட்டர் கிடைத்தால், அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நான் கட்டிய அபராதத்தை விட அது குறைவுதான்.

— ஒரு மொத்த வியாபாரி