பிழைத்தவர்கள் எத்தனை பேர்? ஆம்புலன்ஸ் சேவையில் இல்லாத ஒரு கணக்கு

புது தில்லி: 2017 ஜனவரி 31-ஆம் தேதி நாடாளுமன்ற மைய மண்டபத்தில் குடியரசுத் தலைவர் உரையாற்றிக் கொண்டிருந்தபோது, மலப்புரம் எம்.பி.யும் முன்னாள் மத்திய இணை அமைச்சருமான இ. அகமது நிலைகுலைந்து சரிந்தார். ராம் மனோகர் லோகியா மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லப்பட்டும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. மருத்துவ உதவி கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்திலேயே இதுதான் நிலை என்றால், மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்தில் விழுபவரின் கதி என்ன?

மாரடைப்பும் இதயத் துடிப்பு நின்றுபோவதும் ஒன்றல்ல. முன்னதில் இதயத்தின் ரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். பின்னதில் ரத்த ஓட்டமே நின்று, சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். மார்பை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு. ஆம்புலன்ஸ் 15 நிமிடத்தில் வந்துவிட்டாலும், அதுவரை யாரும் கை வைக்காவிட்டால் ஊழியர்களால் செய்ய முடிவது சொற்பமே.

2005 ஆகஸ்ட் 15-இல் ஆந்திரத்தில் தொடங்கிய 108 சேவை பின்னர் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது. வண்டிகள் எத்தனை என்ற கேள்விக்கு நாடாளுமன்றத்தில் பதில் கிடைக்கும். துடிப்பு நின்ற நிலையில் ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் உயிருடன் வீடு திரும்பினார்கள் என்று கேட்டால், பார்த்துச் சொல்ல நாடு தழுவிய பதிவேடு இல்லை. மாரடைப்பால் 2022-இல் 32,457 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. அதுவும் காவல் நிலையங்களில் பதிவான திடீர் மரணங்கள் மட்டுமே. இறந்தவர்களைப் போலீஸாராவது எண்ணுகிறார்கள். பிழைத்தவர்களை எண்ண ஆளில்லை.

எண்ணிய நாடு டென்மார்க். அங்கு 2005-இல் பள்ளிகளிலும், 2006 முதல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் இந்த முதலுதவிப் பயிற்சி கட்டாயமானது. அருகில் இருந்தவர்களே முதலுதவி செய்த நிகழ்வுகள் 2001-இல் 21 சதவீதமாக இருந்து 2010-இல் 45 சதவீதமாயின. 30 நாள்களுக்குப் பிறகும் உயிருடன் இருந்தோர் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தனர். மருத்துவமனைச் சிகிச்சை மேம்பட்டதற்கும் இதில் பங்கு உண்டுதான். ஆயினும் ஆம்புலன்ஸ் வரும் முன் நடப்பதன் முக்கியத்துவத்தை இந்தப் பதிவேடுதான் வெளிக்கொண்டு வந்தது.

இங்கு அருகில் நிற்பவர் தொடத் தயங்குவதற்குப் போலீஸ் பயமும் ஒரு காரணம். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, உதவுவோர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. ஆனால் அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவருக்கு உதவுவோர், பாரதிய நியாய சம்ஹிதையின் 30-ஆவது பிரிவு நல்லெண்ணச் செயலுக்குத் தரும் பொதுப் பாதுகாப்பையே நம்ப வேண்டும். அது தெருவில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஊழியர்கள் விஷயமும் ஆறுதல் தருவதாக இல்லை. நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 91 சதவீத மருத்துவமனைகளில் ஆம்புலன்ஸ் இருந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தது 34 சதவீதத்தில்தான்.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பதே மத்திய அரசு வழக்கமாகச் சொல்லும் பதில். 2006-இல் சட்ட ஆணையம் தனது 201-ஆவது அறிக்கையில் அவசர சிகிச்சைக்கெனத் தனிச் சட்டத்தைப் பரிந்துரைத்தும் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஆனால் 108 வண்டிகளுக்குத் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே மத்திய அரசும் நிதி தருகிறது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு சாதாரண ஆம்புலன்ஸ், 5 லட்சம் பேருக்கு ஓர் உயர்நிலை ஆம்புலன்ஸ் என்று அளவு வகுத்திருப்பதும் அந்த இயக்கமே. அதே ஏட்டில் பிழைத்தோர் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.