வாயிலில் ஒரு வணிகக் கோட்டை

தோழனே!

ஊரின் வாயிலிலே ஒருவன் கடை கட்ட வருகிறான். "நீளம் என்ன, அகலம் என்ன? வண்டிகள் எப்பக்கம் திரும்பும்? மழைநீர் எங்கே வடியும்? பக்கத்துத் தெருவில் பலசரக்கு விற்றுப் பிழைப்பவன் கதி யாது?" என்று ஊரார் கேட்கிறார்கள். கேட்கலாம் என்கிறது அறிவு. கேட்கத்தான் வேண்டும் என்கிறது சட்டம். "விலையோ மலிவு, வேலையோ நிறைவு, கேள்வி எதற்கு?" என்கிறது பணம்!

கற்பனை அல்ல, தோழனே! அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரை ஒட்டிய இங்கிள்வுட் நகரில் நடந்தது இது. கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் பெரும்பான்மையாக வாழும் உழைப்பாளர் ஊர். அங்கே, ஃபோரம் அரங்கத்துக்கும் ஆலிவுட் பார்க் குதிரைப் பந்தயத் திடலுக்கும் அருகே 60 ஏக்கர் வெற்று நிலம். அதிலே மாபெரும் அங்காடி எழுப்ப ஆசைப்பட்டது வால்மார்ட் நிறுவனம்.

ஆசைப்படுவது குற்றமன்று. அனுமதி கேட்டு முன்வாசலில் நிற்பதும் இழிவன்று. ஆனால் அந்த நிறுவனம் தேடியதோ புறவாசல்! 1970-இல் இயற்றப்பட்ட கலிபோர்னியச் சுற்றுச்சூழல் சட்டப்படி ஆய்வு வேண்டும். போக்குவரத்தைக் கணக்கிட வேண்டும். ஊரார் முன்னிலையில் விசாரணை நடக்க வேண்டும். இத்தனையையும் தாண்டிக் குதிக்க ஒரு வழி கண்டனர். மக்களிடம் கையெழுத்துத் திரட்டி, எழுபது பக்கத் திட்டமொன்றைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தனர். அது வென்றால் ஆய்வும் இல்லை, விசாரணையும் இல்லை. பின்னாளில் அதைத் திருத்த வேண்டுமானால், வாக்காளரில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டுமாம்!

பார்த்தாயா விந்தையை! மக்களாட்சியின் கருவியைக் கொண்டே மக்களின் வாயை அடைக்கும் வித்தை! "மக்களிடம்தானே கேட்கிறோம்?" என்றனர். ஆம், கேட்டனர், மூடிய பெட்டியை நீட்டி, "வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டனர். பெட்டிக்குள் என்ன என்று பார்க்கும் உரிமை மட்டும் இல்லை.

பத்து இலட்சம் டாலருக்கு மேல் செலவு செய்தது நிறுவனம். வரியும் வேலையும் வரும் என்று நகரத் தலைவரே ஆதரித்தார். எதிரே நின்றவர் யார்? கடைத் தொழிலாளர் சங்கத்தார், தேவாலயத்தார், அக்கம்பக்கத்தார். 2003 அக்டோபரில் தொடங்கி 2004 பிப்ரவரி வரை தென் கலிபோர்னியாவின் மளிகை அங்காடித் தொழிலாளர், மருத்துவக் காப்பைக் காக்க வேலைநிறுத்தம் செய்து களைத்திருந்த வேளை அது. களைத்திருந்தனர், கலைந்துவிடவில்லை! 2004 ஏப்ரல் 6 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. நூற்றுக்கு அறுபது பேர் "வேண்டாம்" என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகர மன்றமே, நலிந்த பகுதிகளில் பேரங்காடி கட்ட வருவோர், அதனால் ஊர்ப் பொருளாதாரத்துக்கு நேரும் விளைவை முதலில் ஆய்ந்து காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தது.

"ஏழைக்கு மலிவு விலைப் பண்டம் வேண்டாமா? ஆய்வு என்ற பெயரால் வசதி படைத்தவர் வளர்ச்சியைத் தடுப்பதில்லையா?" என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி! தடுப்பதும் உண்டு. அதற்கு மருந்து விசாரணையை ஒழிப்பதன்று. விசாரணை மண்டபத்தில் ஏழைக்கும் இருக்கை போடுவது! கடை நல்லதாயின் கேள்விக்கு அஞ்சுவானேன்?

இங்கே திரை விழுந்திருந்தால் இனிய நாடகம். ஆனால் நாடகம் எழுதுபவன் நான். இரண்டாம் அங்கத்தை மறைக்க மாட்டேன்.

2014 சனவரியில் அதே 60 ஏக்கரை வாங்கினார் ஸ்டான் குரோங்கி. கால்பந்து அணியொன்றின் உரிமையாளர், வால்மார்ட்டை ஆளும் வால்ட்டன் குடும்பத்து மருமகன்! அவ்வாண்டு ஆகஸ்டில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சொனோரா என்ற சிற்றூரில் வால்மார்ட் கடையை விரிவாக்குவது பற்றிய வழக்கு அது. கையெழுத்துத் திரட்டிய திட்டத்தை நகர மன்றம் வாக்கெடுப்பின்றியே ஏற்றுக்கொள்ளலாம், சூழல் ஆய்வும் தேவையில்லை என்றது தீர்ப்பு. 2015 பிப்ரவரியில் இங்கிள்வுட் நகர மன்றத்தின் ஐவரும் ஒருமுகமாகக் கை தூக்கினர். வாக்கெடுப்பில்லை, ஆய்வில்லை, விளையாட்டரங்கம் வந்தது! 2020-இல் திறந்தும் வைத்தனர். இடையே 2019-இல், வாடகை ஏறுகிறதே என்று குடியிருப்போர் குமுற, வாடகை உயர்வுக்கு வரம்பு கட்ட அதே மன்றம் அவசரச் சட்டம் போட நேர்ந்தது. முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, வாடகைச் சீட்டாக வந்து கதவைத் தட்டிற்று.

அதே களம், அதே புறவாசல். வேடம் மட்டும் வேறு. ஒருநாள் வெற்றியை மாலையாகச் சூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் வாயிற்காவல் யார்?

ஆகவே, தோழனே! தேர்தல் நாளில் மட்டும் விழிப்பவன் தொண்டனல்லன். நகரமைப்பு அலுவலகத்துச் சுவரில் ஒட்டப்படும் மங்கிய அறிவிப்பையும் படி. வரைபடத்தை விரித்துப் பார். விசாரணைக்கு நாள் குறித்தால், நாலுபேரை அழைத்துப் போய் முன்வரிசையில் அமர். அங்கே காலியாகக் கிடக்கும் நாற்காலியில்தான் பணம் வந்து உட்காருகிறது!